நோய் நீங்கிய பின்னர்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு குழந்தைக்குக் குருதிப் புற்றுநோய் கண்டதெனின், மருத்துவர் பெற்றோருக்குத் தேறுதல் கூறுவதன்றி வேறொன்றும் செய்ய வல்லவராய் இருந்திலர். சில திங்களுக்குள் அக்குழந்தை இறந்துவிடும். 1947ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தை இத்தகைய குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். பதினாறு குழந்தைகளுள் பதின்மருக்கு நோய் தணிந்தது. சின்னாளில் அது மீண்டும் தலையெடுத்தது என்பது உண்மையே. ஆயினும், தணியாத நோய் தணிந்ததே அன்று பெரும் புதுமையாயிற்று. அம்மருந்தைப் படைத்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவர்.

1962இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை தோன்றியது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், ஒரு மருந்து தோற்ற இடத்தில் பல மருந்துகளை ஒருங்கே பயன்படுத்தினார். மருந்து எட்டாத மூளைப் பகுதியில் நோய் ஒளிந்துகொள்வதைக் கண்டு, தலையில் கதிர்களையும் பாய்ச்சினார். அப்பதிற்றாண்டின் முடிவில், அவரிடம் வந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். இன்று செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பதின்மேல் பிழைக்கின்றனர். வறிய நாடுகளிலோ முப்பதின்மரும் பிழைப்பதில்லை.

பிழைத்த குழந்தை வளர்கிறது, பள்ளிக்குச் செல்கிறது, தொழில் தேடுகிறது. அதன் வாழ்வு எத்தகையது? நோயைத் தீர்ப்பதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது என்று ஜூலியோ டாஞ்சியோ என்னும் அறிஞர் 1975இல் எடுத்துரைத்தார். அவ்வினாவிற்கு விடை காண, 1994இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல மருத்துவமனைகள் ஒன்றுகூடிப் பேராய்வு ஒன்றைத் தொடங்கின. 1970க்கும் 1986க்கும் இடையில், இருபத்தொரு வயது நிரம்புமுன் நோய் கண்டு, ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தோரைத் தேடினர். ஊர் மாறியோரும் மணமாகிப் பெயர் மாறியோரும் பலர் ஆதலின், அத்தேடலே பெரும்பணி ஆயிற்று. பதினாலாயிரத்திற்கு மேற்பட்டோர் இசைந்தனர்.

யாருடன் அவர்களை ஒப்பிடுவது? ஆராய்ச்சியாளர் அவர்தம் உடன்பிறந்தோரைத் தேர்ந்தனர். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே உணவு. வேறுபாடு நோயும் மருந்துமே அன்றோ? படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, வலியினால் வேலை தடைப்படுகிறதா, சென்ற சில கிழமைகளில் மனம் சோர்ந்திருந்ததா, நண்பரைக் காண முடிகிறதா என்பன போன்ற வினாக்கள் அஞ்சலில் சென்றன. குருதியையும் எலும்பையும் ஆராய்ந்துவந்த மருத்துவர், ‘நீ எவ்வாறு வாழ்கிறாய்?’ என்று நோயுற்றவரையே கேட்டு, அவர் கூறும் விடையையும் அளவையாகக் கொண்டது இங்கே கருதத்தக்கது.

விடைகள் எளியனவாக இல்லை. பள்ளியில் தனிப்பயிற்சி வேண்டியிருந்தோர், உடன்பிறந்தோருள் நூற்றுக்கு 8 பேர். பிழைத்தோருள் 23 பேர். தலையில் பாய்ந்த கதிர்கள் நோயை அழித்தன. நினைவாற்றலையும் கற்கும் விரைவையும் குறைத்தன. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் சிலருடைய இதயத்தைப் பல்லாண்டு கழித்து நலிவித்தன. 2006இல் வெளிவந்த கணக்கின்படி, பிழைத்தோருள் நூற்றுக்கு அறுபதின்மேல் ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் உடையவர். எனினும், உடல்நலத்தில் பின்தங்கிய அவர்களுள் பெரும்பாலோர், தம் வாழ்வு தமக்கு நிறைவளிப்பதாகவே எழுதினர். துன்பம் கண்டோர் சிறியதையும் பெரிதாக மதிப்பர் போலும்!

மற்றொரு செய்தி வருந்தத்தக்கது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தாம் பெற்ற சிகிச்சையால் பிற்காலத்தில் பெருந்தீங்கு நேரலாம் என்பதை அறிந்திருந்தோர் நூற்றுக்கு 35 பேரே. குழந்தை அஞ்சுமே என்று பெற்றோர் மறைத்திருக்கலாம். மருத்துவரும் நோய் தீர்ந்த மகிழ்ச்சியில் சொல்லாது விட்டிருக்கலாம். அன்பினால் மறைத்தாலும், இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை அறியாதவன் சோதிக்கச் செல்வது எங்ஙனம்?

இவ்வாராய்ச்சிகளின் பயன் வீண்போகவில்லை. கதிரின் அளவு படிப்படியே குறைக்கப்பட்டது. குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு இன்று தலையில் கதிர் பாய்ச்சுவதே இல்லை. ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோருள் பின்னர் இறப்போரின் விகிதம், 1970களில் நோயுற்றோரைக் காட்டிலும் 1990களில் நோயுற்றோரிடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2016இல் தெரியவந்தது. பல மருத்துவமனைகளில், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு அளிக்கின்றனர். எம்மருந்து, எத்துணை அளவு, எவ்வுறுப்பை எத்தனை ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். வளர்ந்தபின் எந்த ஊரில் வாழினும், எந்த மருத்துவரிடம் செல்லினும், அவர்கள் அதனைத் தம்முடன் கொண்டு செல்கின்றனர்.