மேய்ச்சல் நிலத்துக்குக் கடற்பாசி எரு

கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைப் பாசி மணற்பாங்கான புல் நிலத்துக்கு நல்ல எரு. அதில் சாம்பல் சத்தும் நுண்ணூட்டச் சத்துக்களும் உண்டு. அதன் வழவழப்பான பொருள் மணலில் ஈரம் காக்க உதவும்.

தயாரிப்பு முறை: பாசியைப் பச்சையாக இடாதீர்கள், உப்பு புல்லைக் கருக்கிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பின் சாணம், வைக்கோலுடன் அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் மக்கவிடுங்கள். கறுத்து உதிர்ந்ததும், வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் தூவுங்கள். முதல் ஆண்டு ஒரு மூலையில் மட்டும் இட்டுப் பாருங்கள்.

மண்ணில் கரிமம் சேருமா? ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம்வரை உள்ள மண் ஏறத்தாழ 9 இலட்சம் கிலோ. அதில் கரிமம் 0.1 சதவிகிதம் உயர 900 கிலோ கரிமம் தங்கவேண்டும். ஈரப் பாசியில் பெரும்பகுதி நீர்தான். மீதியிலும் பெரும்பங்கு விரைவில் மக்கிக் காற்றில் கலந்துவிடும். ஆகவே, நிலைத்த கரிமத்தை முக்கியமாகத் தருவது எருவால் செழிக்கும் புல்லின் வேரே.

ஆடுகள் ஒட்ட மேய்ந்தால் வேர் குறுகும். எருவிட்ட பாடும் வீண். நிலத்தை நான்கு பகுதிகளாக்கி, புல் மீண்டும் தழைத்தபின் மாற்றி மாற்றி மேய்ச்சலுக்கு விடுங்கள். எருவிடுமுன் ஒரு முறையும், மூன்று ஆண்டு கழித்து ஒரு முறையும் மண் பரிசோதனை செய்யுங்கள்.

எச்சரிக்கை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கே பாசி பறிக்கவேண்டாம். கரை ஒதுங்கியதே நமக்குப் போதும்.