முதுநிலைச் சட்டம் பயில விழைவார்க்கு

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தும்போது நாம் மாணவரிடம் ஒன்றை வற்புறுத்துவதுண்டு. கண்ணகி பாண்டியன் அவையில் வென்றது கண்ணீரால் அன்று, சான்றால். அரசியின் சிலம்பிலிருப்பது முத்து, தன் சிலம்பிலிருப்பது மாணிக்கம் என்னும் வேறுபாட்டை அவையறியச் சிலம்பை உடைத்துக் காட்டினாள். பாண்டியன் தவறியதோ பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை உசாவாமல் ஏற்றமையால். இவ்வகுப்பு முடிந்தபின், “ஐயா, தமிழ் படித்தவன் சட்டம் படிக்கலாமா?” என்று கேட்டு நின்றோர் நம் துறையில் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர் இளங்கலைத் தமிழுக்குப் பின் மூவாண்டுச் சட்டப் படிப்பையும் முடித்துக்கொண்டு, தம் தந்தையாருடன் நம்மைக் காண வந்தார்.

தந்தையார் சிறு கடை நடத்துபவர். “இன்னும் ரெண்டு வருசம் எல்.எல்.எம். படிச்சா பிள்ளை ஜட்ஜா வந்துடுவானாங்க ஐயா? வீட்டை அடகு வச்சாவது படிக்க வச்சுடுறேன்” என்றார். மகன், “அத்தா, அதுக்குத்தான் ஐயாகிட்டக் கேட்க வந்தோம்” என்று மெல்லச் சொல்லித் தலைகுனிந்தார். அன்று நாம் கூறிய விடையின் விரிவே இக்கட்டுரை.

நீதிபதி ஆவதற்கு முதுநிலைச் சட்டப் பட்டம் தேவையில்லை. வழக்குரைஞர் ஆவதற்கும் தேவையில்லை. 1961 ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டப்படிப் பதிவு செய்துகொள்ள இளநிலைச் சட்டப் பட்டமே போதும். அதன்பின் அகில இந்திய பார் தேர்வில் தேறவேண்டும். ஏணியில் அடுத்த படி என்று எண்ணி எல்.எல்.எம். சேர்வோர் பலர். அஃது அடுத்த படியன்று, வேறோர் ஏணி. இதனை உணராமல் வீட்டை அடகு வைக்கும் குடும்பங்களை நினைந்தே நாம் இதனை முதலில் சொல்கின்றோம்.

உரிமையியல் நீதிபதி பதவியை நாடுவோர் கருத்தில் கொள்ளவேண்டிய தீர்ப்பொன்று உண்டு. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், இப்பதவியின் தொடக்கநிலைக்கு விண்ணப்பிப்போர் மூன்றாண்டேனும் வழக்குரைஞராகப் பணியாற்றியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை மீண்டும் கொணர்ந்தது. 2002 இல் நீக்கப்பட்ட நிபந்தனையே அது. அம்மூன்றாண்டை எண்ணத் தொடங்குவது தற்காலிகப் பதிவு நாளிலிருந்து என்றும், நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. ஆகவே இவ்வழியை விரும்புவோர் பட்டம் பெற்றதும் பதிவு செய்துகொண்டு, நல்ல மூத்த வழக்குரைஞர் ஒருவரை நாடுவதே அறிவுடைமை. தேர்வு அறிவிக்கை வெளிவரும்போது அதனை முழுவதும் படித்தல் வேண்டும். பிறர் வாய்க்கேட்டு நடத்தல் ஆகாது.

இங்கு மாணவியர் ஒருவரை அறிந்துகொள்ளுதல் நலம். பத்தனம்திட்டையிற் பிறந்த பாத்திமா பீவி அம்மையார் 1950 இல் வழக்குரைஞராகப் பதிவு செய்தார். 1958 இல் முன்சீப் ஆனார். படிப்படியே மாவட்ட நீதிபதியாகி, 1983 இல் கேரள உயர் நீதிமன்றத்தையும் 1989 இல் உச்ச நீதிமன்றத்தையும் அடைந்து, அங்கு அமர்ந்த முதற் பெண் நீதிபதி எனும் சிறப்பைப் பெற்றார். முன்சீப் பதவிக்கு முந்தைய அந்த எட்டாண்டுகளை விரைந்து படிப்போர் கவனிப்பதில்லை.

அவ்வாறாயின் முதுநிலைச் சட்டம் யாருக்கு? முதலாவதாக, ஆசிரியப் பணியை விரும்புவோர்க்கு. சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எல்.எல்.எம். பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தகுதியும், அன்றேல் முனைவர் பட்டமும் எதிர்நோக்கப்படுகின்றன. இரண்டாவதாக, சில ஆண்டுகள் வழக்காடிய பின் ஒரு துறையில் ஆழ்ந்து செல்ல எண்ணுவோர்க்கு. இவ்விரண்டாம் வகையினரே இப்படிப்பால் மிகுந்த பயன் பெறுகின்றனர் என்பது நம் கருத்து. கேள்வியோடு வருபவரே விடையைக் கொண்டுசெல்வர்.

பயிலும் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டாண்டுப் படிப்பே நெடுங்கால வழக்கம். 2013 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி ஓராண்டுப் படிப்பும் நடைபெறுகிறது. பார் கவுன்சில் 2020 ஆம் ஆண்டு விதிகளால் ஓராண்டுப் படிப்பை நீக்க முற்பட, அஃது உச்ச நீதிமன்ற வழக்காயிற்று. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டே; 'கிளாட்' நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளே அவற்றின் வாயில். டெல்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனித் தேர்வு நடத்துகிறது. நம் மாநிலத்தில் திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும், சென்னையில் 1997 இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும், சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்துறையும் உள்ளன. ஓராண்டில் ஆய்வேடு எழுதுவது அவசரச் சமையல். முன்னரே தலைப்பை மனத்தில் ஊறவைத்தோர்க்கு மட்டுமே அது கைகூடும்.

பாடப்பிரிவைத் தேர்வதில்தான் மாணவர் மிகுதியும் இடறுகின்றனர். நண்பர் எடுத்தார், எனவே நானும் எடுத்தேன் என்பது காரணமாகாது. குற்றவியலை எடுத்துக்கொள்வோம். 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று புதிய சட்டங்களுக்கு இடம் விட்டன. பழைய தீர்ப்புகளுள் எவை புதிய பிரிவுகளுக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் ஆராய வேண்டிய காலம் இது. முன்னோர் எழுதிய உரைநூல்களுக்கு அடுத்த பதிப்பு வேண்டும். எழுத ஆள் வேண்டும். வணிகச் சட்டம், நிறுவனங்களில் வேலை நாடுவோர்க்கு உதவும்; 2016 ஆம் ஆண்டின் திவால் சட்டத்திற்குப்பின் அங்கும் வேலை பெருகிற்று. அரசியலமைப்புச் சட்டம் ஆசிரியப் பணிக்கும் உயர் நீதிமன்ற வழக்குகளுக்கும் அடித்தளம். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், நாம் விரும்பும் பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர் அங்கு இருக்கின்றாரா, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று நேரிற் சென்று கேட்டறிதல் வேண்டும்.

பணம் பற்றிச் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்விக் கட்டணத்திற்கு உதவ நம்மிடையே பலர் உளர். இளம் வழக்குரைஞரின் முதல் மூன்றாண்டுகளுக்கு உதவுவோர் அரியர். பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவினர்க்கு 750 ரூபாயே என்று 2024 சூலையில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இளையோர்க்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்று 2024 சூனில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறிற்று. ஆயினும் எல்லா மூத்தோரும் இதனைத் தருவர் என நம்பி வீட்டுக் கணக்கைப் போட்டுவிடலாகாது. சென்னையில் அறை வாடகைக்குத் திண்டாடித் தொழிலைக் கைவிட்டு ஊர் திரும்பிய இளைஞரை நாம் அறிவோம். அங்கே இழந்தது திறமையை அன்று, ஓராண்டு வாடகையை.

தமிழ் மாணவர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகின்றனர். அச்சம் முற்றும் பொய்யன்று. அரசியலமைப்பின் 348 ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். முதுநிலை ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே. எனவே நாள்தோறும் ஒரு தீர்ப்பையேனும் ஆங்கிலத்திற் படித்துத் தமிழிற் சுருக்கி எழுதும் பயிற்சி வேண்டும். ஆயின் கட்சிக்காரர் தம் துன்பத்தைச் சொல்வது தமிழில்; சாட்சி பேசுவதும் தமிழில். நாகூரிற் பிறந்து 1979 இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான மு.மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் தோய்ந்து நூல்கள் எழுதியவர் என்பதை நம் மாணவர் அறிவர். சொல்லை எடைபோடும் பழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே.

மேற்கூறிய மாணவர் இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் மூத்தவர் ஒருவரிடம் பணிபயில்கின்றார். வீடு அடகு போகவில்லை. முதுநிலை விண்ணப்பத்தை இரண்டாண்டுகள் தள்ளி வைத்துள்ளார். தலைப்பு மட்டும் முடிவாகிவிட்டது. கீழமை நீதிமன்றத்தில் தமிழிற் பதிவாகும் சாட்சியம், மேல்முறையீட்டிற்காக ஆங்கிலமாகும்போது எங்கெங்குப் பொருள் மாறுகிறது என்பதே அது. சென்ற வாரம் வந்தபோது, 'சத்தம் போட்டான்' என்னும் ஒரு தொடர் மூன்று வழக்குகளில் மூன்று விதமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தார்.