மத்தியானச் சோறு கொல்லையிலிருந்து வரட்டும்

இந்த முறை பஞ்சகவ்யம், பூச்சிவிரட்டி பற்றி எழுதப் போவதில்லை. மத்தியானச் சோற்றைப் பற்றி எழுதப் போகிறேன். இதுவும் விவசாயப் பாடம்தான், படிச்சிட்டுச் சொல்லுங்க.

நம்ம திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டைக்குப் பேர் போனது. மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை, ஊடே துவரை, காராமணி, ஓரத்தில் ஆமணக்கு. ஆரணிப் பக்கம் போனால் நெல். ஜவ்வாதுமலை மேலே ஏறினால் சாமை. இத்தனையும் விளைகிற ஊரில் உழவர் வீட்டுத் தட்டைப் பாருங்க. மல்லாட்டையை மூட்டையாக வித்துட்டு, திரும்பி வரும்போது பாமாயில் பாக்கெட் வாங்கி வருகிறோம். துவரையைக் கொடுத்துவிட்டுக் கடையில் பருப்பு வாங்குகிறோம். கிச்சிலி சம்பாவை டவுன்காரருக்குக் கொடுத்துவிட்டு, நாம் தீட்டின வெள்ளை அரிசியைப் பொங்குகிறோம். தட்டு நிறைய சோறு, மேலே தண்ணியா ஒரு குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். வயிறு நிறையுது, உடம்புக்கு ஒண்ணும் சேரலை.

சந்தையில் நம்மிடம் காய் வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்க வீட்ல என்னம்மா சாப்பிடறீங்க?" இதற்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தால், வேறு எந்தச் சான்றிதழை விடவும் அது பெரிசு. நஞ்சில்லாமல் விளைவிக்கிற குடும்பமே அந்த விளைச்சலைச் சாப்பிடவில்லை என்றால் யாருக்காக இந்தப் பாடு?

தட்டுக் கணக்கு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு தட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். தட்டில் பாதி காய், கீரை, பழம். மீதிப் பாதியில்தான் தானியமும் பயறும் மற்றதும். நம்ம தட்டு இதற்கு நேர்மாறு. முக்கால் தட்டு சோறு.

ஏன் இது குறை? அரிசியில் புரதம் 100 கிராமுக்கு ஏழெட்டு கிராம்தான். பயறு வகைகளில் 20 கிராமுக்கு மேல் இருக்கு. மல்லாட்டையில் ஏறக்குறைய 25 கிராம். அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற பகுதி குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கு. ரெண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சோறும் பருப்பும், களியும் காராமணியும் என்று நம்ம பெரியவங்க சேர்த்து வச்ச ஜோடிக்கு இதுதான் காரணம்.

கேவுரு (கேழ்வரகு) இன்னொரு விதத்தில் ஒசத்தி. 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். வெள்ளை அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை.

நான் வீட்டில் வைத்திருக்கிற விதி இதுதான்: மத்தியானம் ஒரு தானியம், ஒரு பயறு, ஒரு கீரை, ஒரு காய், கொஞ்சம் புளிப்பு, ஒரு டம்ளர் மோர். புளிப்பு எதுக்கு? கீரை, பயறில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்காது. எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி கூட இருந்தால் எடுத்துக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் கெடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

ஏழு நாளுக்கு ஏழு சாப்பாடு

திங்கள்: கேவுரு களி, கலவைக்கீரை கடைசல். ஒரு பங்கு அரிசி நொய்க்கு மூன்று பங்கு கேவுரு மாவு. நொய் நல்லா வெந்ததும் மாவை நடுவில் கொட்டி, கிளறாமல் மூடி, சிறுதீயில் பத்து நிமிஷம் விடணும். அப்புறம் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி உருட்டணும்.

செவ்வாய்: சாமைச் சோறு, காராமணி கத்திரிக்காய் குழம்பு, வெள்ளரிப்பிஞ்சு. சாமையை அரை மணி ஊற வைத்தால் ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் போதும்.

புதன்: கிச்சிலி சம்பா சோறு, முருங்கைக்கீரை போட்ட துவரம்பருப்பு, பூசணிக்காய்ப் பொரியல்.

வியாழன்: கொல்லை வேலை அதிகமுள்ள நாள். கேவுரு கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம், மல்லாட்டைத் துவையல், அவித்த பச்சைப்பயறு. துவையலுக்கு வறுத்த மல்லாட்டை, காய்ந்த மிளகாய், பூண்டு, துளி புளி, உப்பு. அம்மியில் ஓட்டினால் ருசியே தனி.

வெள்ளி: சோறு, கொள்ளு ரசம், அவரைக்காய் மல்லாட்டைப் பொடி தூவிய பொரியல். கொள்ளு வேகவைத்த தண்ணியில் ரசம், வெந்த கொள்ளைத் தாளித்தால் சுண்டல்.

சனி: மாப்பிள்ளை சம்பா. இதை முதல் நாள் இரவே ஊறப் போட்டுவிடணும், இல்லாட்டி வேகாது. கூட மொச்சைக் குழம்பு, புளிச்சக்கீரை.

ஞாயிறு: பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சாமையில் எலுமிச்சை சாதம், மேலே மல்லாட்டை, கூட முட்டையோ சுண்டலோ, கொய்யாப்பழம்.

இதில் எண்ணெய், உப்பு ரெண்டையும் அளந்து போடுங்க. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது. அது ஒரு சின்ன டீஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கிலேயே வரும். சோறு வடிக்கிறவங்க கஞ்சியைக் கீழே ஊத்தாதீங்க. பி வைட்டமின்கள் அதோடு போயிடும். ரசத்துக்கு ஊற்றலாம், மோர் உப்பு போட்டுக் குடிக்கலாம்.

களையும் ஒரு மகசூல்

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வரம். களைக்கொல்லி அடிக்காத கொல்லையில் மழை விழுந்த இருபதாம் நாள் நடந்து பாருங்க. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் தானா முளைச்சிருக்கும். களையெடுக்கும்போதே மடியில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டால் அன்றைய கீரை முடிந்தது. நாலஞ்சு வகை சேர்ந்தால்தான் கலவைக்கீரைக்கு ருசி. தெரிந்த கீரையை மட்டும் கிள்ளுங்க. பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்து அடிக்கிற வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும் கிள்ளாதீங்க.

கிள்ளியதை வீணாக்காமல் சமைப்பதற்கு நம்ம ஊரிலேயே பாடம் இருக்கு. 1916-ல் தாயார் அழகம்மாள் வந்து தங்கிய பிறகுதான் மலைமேல் கந்தாசிரமத்தில் ரமணரோடு இருந்தவர்களுக்கு அடுப்பு எரிய ஆரம்பித்தது. அதுவரைக்கும் பிச்சைச் சோறுதான். பிற்காலத்தில் அடிவாரத்து ஆசிரமத்திலும் ரமணரே விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். அங்கே சமையல் செய்த பெண்களின் நினைவுக் குறிப்பு சொல்கிறது: கீரை வந்தால் இலை கறிக்கு, தண்டைக் கட்டி வேகவைத்துச் சாம்பாருக்கு, வேரைக் கழுவிப் பிழிந்த சாறு ரசத்துக்கு. பக்தியை விடுங்க, சமையல்காரராகப் பார்த்தாலே இது பெரிய பாடம். நாமும் முள்ளங்கி இலையைப் பொரியலாக்கலாம், பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கலாம். அதுக்கும் மிஞ்சினால் மாட்டுக்கு, பிறகு எருக்குழிக்கு.

வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

நாலு பேர் உள்ள வீடு. மத்தியானத்துக்கு ஆளுக்கு 100 கிராம் தானியம் என்றால் நாளைக்கு 400 கிராம், வருஷத்துக்கு 146 கிலோ. எல்லாமே அரிசி என்று வைத்தாலும் 75 கிலோ மூட்டையில் மூணு மூட்டை நெல் போதும். பாதி நாள் கேவுரும் சாமையும் என்றால் இன்னும் குறையும். பயறு ஆளுக்கு 40 கிராம் வீதம் வருஷத்துக்கு 58 கிலோ. துவரை, காராமணி, கொள்ளு, மொச்சை எல்லாம் சேர்த்துத்தான்.

எண்ணெயை நாள் முழுதுக்கும் கணக்குப் போடுங்க. ஆளுக்கு 25 மில்லி என்றால் நாளைக்கு 100 மில்லி, வருஷத்துக்கு 36 லிட்டர். செக்கில் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேணும். ஆக 90 கிலோ பருப்பு, தோலோடு 130 கிலோ. இவ்வளவை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்றால் குடி முழுகிப் போகாது.

ஆனா எடுத்து வைக்கிறது கழிசலா இருக்கக் கூடாது. நல்லதை வித்துட்டு, சுருங்கினதையும் பூத்ததையும் வீட்டுக்கு வைக்கிற பழக்கம் நம்மகிட்ட உண்டு. பூஞ்சாணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு இருக்கும். கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுசாப் போகாது. காயைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும்வரை காய வைத்து, நிறம் மாறின பருப்பைப் பொறுக்கி எறிந்த பிறகே செக்குக்கு அனுப்புங்க.

யார் சமைப்பது?

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதினதெல்லாம் வீண். காலையில் ஆறு மணிக்குக் களையெடுக்கப் போன பெண், பதினோரு மணிக்கு வந்து கீரை ஆய்ந்து, பயறு வேகவைத்து, களி கிண்டணும் என்றால் எத்தனை நாளைக்கு முடியும்? அவள் தண்ணிச் சாம்பாரில் முடிச்சுக்கிறதுல தப்பே இல்லை. எங்க வீட்டில் ராத்திரி பயறு ஊறப் போடுவது பிள்ளைகள், கீரை ஆய்வது என் வீட்டுக்காரர், அடுப்படி மட்டும் என்னது. அப்படிப் பிரித்துக்கொண்டால் முக்கால் மணியில் சமையல் ஆயிடும்.

ஆடிப்பட்டம் விதைக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் எல்லாரும் உட்காருங்க. சமைக்கிறவங்க கையில் நோட்டைக் கொடுங்க. வாரத்துக்கு ஏழு மத்தியானச் சாப்பாட்டை அவங்க எழுதட்டும். அந்தப் பட்டியலில் உள்ள பயறு எந்தச் சாலில், காய் எந்த வேலியில், முருங்கை எந்த மூலையில் என்று பக்கத்திலேயே குறிச்சுக்குங்க. விதைப்புத் திட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.