பத்தாம் வகுப்புக் கணிதம்: ஜூன் மாதத்தில் செய்ய வேண்டியவை

பள்ளிகள் திறந்துவிட்டன. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த மாதக் குறிப்பு.

பொதுத்தேர்வு அடுத்த ஆண்டு மார்ச், ஏப்ரலில்தானே என்று தோன்றும். ஆனால் அரையாண்டுத் தேர்வு டிசம்பரிலேயே முழுப் பாடத்துக்கும் நடக்கும். எனவே ஆசிரியர் எட்டுப் பாடங்களையும் அதற்குள் நடத்தி முடித்தாக வேண்டும். இடையில் இடைப்பருவத் தேர்வுகள், காலாண்டுத் தேர்வு, அதற்கான விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடலோர மாவட்டங்களிலும் டெல்டாவிலும் பள்ளி உண்டா இல்லையா என்பது ஆட்சியரின் காலை அறிவிப்பைப் பொறுத்தது. புரியாததை மறுபடி கேட்கவும், ஆசிரியர் நின்று சொல்லித்தரவும் நேரம் இருப்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். பாடங்களிலேயே பெரியதான இயற்கணிதம் மூன்றாவதாக வருகிறது. அது தொடங்குவதற்குள் கைப்பழக்கம் அமைந்துவிட வேண்டும்.

முதலில் வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண்ணிலும் அதேபோல் 14-க்கு 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. 28-வது, 42-வது வினாக்கள் கட்டாயம்; இவை பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளபடியே வருவதில்லை. அறிவியலைப் போலச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் இங்கே கிடையாது.

தேர்ச்சிக்கு 35 போதும். வடிவியலும் வரைபடமும் 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்று சரியாக இருந்தால் 6, கூட்டினால் 36. ஆகவே பெயிலாகிவிடுவோமோ என்று ஜூனிலேயே நடுங்கத் தேவையில்லை. அதற்காக இந்த 36-ஐயே இலக்காக்கி, மெல்லக் கற்போருக்கான கையேட்டை முதல் மாதமே பிள்ளையிடம் நீட்டுவது சரியல்ல. அது ஜனவரித் திருப்புதல் காலத்துக்கானது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவுக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிறவர்களை இயற்கணிதமும் முக்கோணவியலும் விடாது.

இந்த வாரமே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ஒரு சோதனை வையுங்கள். பெருக்கினால் −12, கூட்டினால் 1 வரும் இரண்டு எண்கள் எவை? (2, 3), (5, 7) என்ற புள்ளிகளுக்கு இடையே தொலைவு எவ்வளவு? சைன் 30°, காஸ் 60°, டேன் 45° மதிப்புகள் என்ன? கூடுதல் 7, வித்தியாசம் 1 உள்ள இரண்டு எண்களைச் சமன்பாடு எழுதிக் கண்டுபிடிக்க முடிகிறதா? அரை மணி நேர வேலை. முதல் கேள்வியில் 4-ம் −3-ம் சட்டென்று வரவில்லையானால் காரணிப்படுத்துதலில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் இருபடிச் சமன்பாட்டுக்குப் போனால், பத்தாம் வகுப்புக் கணக்கே வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். எடுத்து வைத்த ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். குறைந்தது காலாண்டுத் தேர்வு வரை அது மேஜையில் இருக்கட்டும்.

அடுத்து, வீட்டுப்பாட நோட்டு. அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் டிக். இதைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்ந்துபோவதுண்டு. நான் பார்த்தவரை, ஏமாற வைப்பதும் இந்த நோட்டுதான். கைடைத் திறந்து வைத்து வரிவரியாக எழுதினாலும் நோட்டு இதே அழகோடுதான் இருக்கும். சிக்குக் கோலத்தை எதிர்வீட்டு வாசலில் நின்று பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மாவைக் கையில் எடுத்தால்தான் கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பது தெரியாமல் நிற்போம்.

எனவே தினமும் செய்ய வேண்டியது இது. அன்று வகுப்பில் போட்ட கணக்குகளில் இரண்டையாவது, புத்தகத்தையும் நோட்டையும் மூடிவிட்டு, ரஃப் நோட்டில் அன்று மாலையே முதலிலிருந்து போட வேண்டும். எங்கே நின்றுபோகிறதோ அந்த வரியில் ஒரு குறி. உடனே விடையைப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடமாவது முட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் பார்த்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் அதே கணக்கை மறுபடி மூடி வைத்துப் போட வேண்டும். நாற்பது நிமிடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் வேண்டாம். அந்த நேரத்தில் செய்தால் அது எழுத்து வேலையாகத்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வேறு. அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பயிற்சியில் உள்ள கணக்குகள் பெரும்பாலும் ஒரே வகை. எந்த முறையில் போட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் தலைப்பு இருக்காது. 3 மீட்டர் கம்பத்தின் நிழல் 2 மீட்டர். அதே நேரத்தில் கோபுரத்தின் நிழல் 18 மீட்டர் என்றால் உயரம் என்ன? இது வடிவியல் பாடத்து ஒத்த முக்கோணம். விடை 27 மீட்டர். கோபுரத்தின் அடியிலிருந்து 18 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 60° என்றால் அது முக்கோணவியல். உயரம் 18√3, ஏறக்குறைய 31 மீட்டர். 13 மீட்டர் ஏணியின் அடி சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருக்கிறது, மேல்முனை எவ்வளவு உயரத்தில் சுவரைத் தொடும் என்றால் பிதாகரஸ் தேற்றம், 12 மீட்டர். மூன்றுக்கும் படம் ஒரே செங்கோண முக்கோணம்தான். எதற்கு எது என்று பிரித்தறிவதுதான் பயிற்சி. அதற்கு, முடிந்த பாடங்களிலிருந்து கலந்து ஐந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடுங்கள். பாடத்தின் கடைசியில் இருக்கும் அலகுப் பயிற்சியும் இதற்குத்தான் உதவும். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தொடக்கத்தில் ஐந்தில் இரண்டுதான் வரும். பரவாயில்லை.

கால்குலேட்டர் தேர்வறைக்குள் வராது. திட்ட விலக்கம் கண்டுபிடிக்க வர்க்கமூலம் வேண்டும், கூம்பின் கன அளவுக்கு 22/7-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கையால்தான் செய்தாக வேண்டும். செல்போனில் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்.

கவராயம் புதிதாக வாங்குங்கள். திருகாணி தளர்ந்த கவராயத்தால் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தால், முறை சரியாக இருந்தும் கோடு தொடாமல் போகும். பிள்ளை தன் மேல் தப்பு என்று நினைக்கும். செய்முறை வடிவியலில் உதவிப்படம், வரைபடத்தில் அளவுத்திட்டமும் மதிப்பு அட்டவணையும், அளவியலில் ‘ச.செ.மீ.’, ‘க.செ.மீ.’ போன்ற அலகுகள்: இவற்றை முதல் கணக்கிலிருந்தே எழுதப் பழக வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கிறது. வெறும் ‘ஆ’ என்று விடக் கூடாது.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை முன்னால் “எனக்கும் கணக்கு வராது, உனக்கு எப்படி வரும்” என்று சொல்லாதீர்கள். உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தையாவது திறந்து மூன்று கணக்குகளைத் தொட்டுக் காட்டி, நோட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் கடைசிப் பக்கங்களில் உள்ள விடையோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவாலும் இது முடியும். டியூஷன் சேர்ப்பதானால், அங்கே பிள்ளை தானாகக் கணக்குப் போடுகிறதா, பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறதா என்று ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் இடைப்பருவத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தவறிய கணக்குகளை அன்று மாலையே ரஃப் நோட்டில் திரும்பப் போடுங்கள். வராமல் நிற்கும் கணக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள்.