கழுத்துச் சுரப்பியும் கறி உப்பும்

"உடம்பு ஏலாது, எழும்பவே மனமில்லை" என்று ஒரு தாய் சொன்னால், இடம்பெயர்ந்த குடும்பங்களில் அதற்கு உடனே ஒரு காரணம் சொல்லிவிடுகிறோம்: காணி போன கவலை, வீடு போன கவலை. அநேகமாக அது உண்மைதான். ஆனால் சிலரிடம் காரணம் மனதில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. கவலைக்கு மருந்தில்லை என்று சும்மா இருந்துவிடுகிறோம்; இதற்கோ மருந்து உண்டு. ஆகவே இந்தப் பாடத்தில் கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பியைப் பற்றிப் பார்ப்போம்.

நமது உடலில் இரண்டு வகைச் சுரப்பிகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தமக்கென்று உள்ள சிறு வாய்க்கால் வழியே சுரப்பை வெளிவிடுகின்றன. மற்ற வகைக்கு வாய்க்கால் கிடையாது. அவை சுரப்பை நேரே இரத்தத்தில் கலந்துவிடும். இவற்றை அகஞ்சுரக்கும் சுரப்பிகள் என்பர். அவற்றின் சுரப்பே ஓமோன். இரத்தம் எங்கும் ஓடுவதால் ஓமோனும் எங்கும் போகும். ஆனாலும் அதற்குரிய உறுப்பு மட்டுமே அதை ஏற்றுக்கொள்ளும். மூளையின் அடியில் கபச்சுரப்பி, வயிற்றில் சதையி, சிறுநீரகங்களின் மேல் அதிரீனல், பெண்களுக்குச் சூலகம், ஆண்களுக்கு விதை என்று இவை பல. சலரோகம் சதையியின் இன்சுலினோடு சம்பந்தப்பட்டது. அதற்குத் தனிப் பாடமே வேண்டும்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல இருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதன் நிறை ஏறக்குறைய 20 கிராம். அது சுரக்கும் தைரொக்சின், உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த ஓமோனைச் செய்ய அயடீன் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் போதும்; கர்ப்பிணிக்கு 250. எழுபது வருட வாழ்க்கைக்கான அயடீனையும் சேர்த்து வைத்தால் ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. ஆனால் உடல் அதை அதிகம் சேமித்து வைக்காது. நாளாந்தம் கிடைக்க வேண்டும்.

குளத்து நீர் மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறக்கச் சொல்லும் வட்டைவிதானையார் போன்றது கபச்சுரப்பி. இரத்தத்தில் தைரொக்சின் குறைந்தால் "இன்னும் சுர" என்று கட்டளை அனுப்பும். அயடீன் இல்லாத சுரப்பி எதைக் கொண்டு சுரக்கும்? கட்டளை மேல் கட்டளை வர, அது பருத்துக்கொண்டே போகும். கழுத்தில் தெரியும் அந்த வீக்கமே கண்டக்கழலை.

இலங்கையில் மழை அதிகமுள்ள தென்மேற்குப் பகுதியில்தான் இது கூடுதலாகக் காணப்பட்டது. வரண்ட பிரதேசத்தில் குறைவு. ஆனால் இல்லை என்பதல்ல. 1922இல் சுவிற்சர்லாந்து உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கியது. இலங்கையில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று 1995இல் சட்டமாயிற்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "உப்பு கடலிலிருந்து வருகிறது, அதில் அயடீன் இருக்கும்தானே" என்கிறார்கள். கடல்நீர் வற்றி உப்பு விளையும்போது அதில் தங்கும் அயடீன் மிக மிகச் சொற்பம். கருவாடு போடவும் தென்னைக்கு இடவும் விற்கும் மூட்டை உப்பைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பொதியில் அயடீன் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

பெரியவர்களின் கழுத்து வீக்கத்தை விட, வயிற்றிலுள்ள பிள்ளைதான் நமக்கு முக்கியம். முதல் மூன்று மாதமும் குழந்தையின் சொந்தச் சுரப்பி வேலை செய்யாது. அதன் மூளை தாயின் தைரொக்சினைக் கொண்டே வளர்கிறது. அப்போது கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் புத்தி வளர்ச்சி குன்றும். பிறகு திருத்த முடியாது. சில குழந்தைகள் சுரப்பியே இல்லாமலும் பிறக்கின்றன. அதை அறியவே குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும்.

உப்பை வாங்கினால் மட்டும் போதாது. தகரக் கொட்டிலின் சூடும் ஈரமும் அயடீனைப் போக்கடிக்கும். மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். கல்லுப்பைக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் அயடீன் தண்ணீரோடு போய்விடும். கறி இறக்கும் சமயத்தில் உப்பிடுவது நல்லது. அதற்காக உப்பைக் கூட்டவும் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் இரத்த அழுத்தம் வரும். மரவள்ளியே சாப்பாடாக இருக்கும் நாட்களில், அதிலுள்ள ஒரு பொருள் சுரப்பி அயடீனை எடுப்பதைத் தடுக்கும். உரித்து, ஊறவைத்து, திறந்த பானையில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். (ஆடு வளர்ப்போர் கவனிக்க: குட்டி மயிரில்லாமல், கழுத்து வீங்கிப் பிறந்தால் அங்கும் அயடீன் குறைவை நினைக்க வேண்டும்.)

எல்லாக் கோளாறுக்கும் உப்பு மருந்தல்ல. அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களிலும், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவதுண்டு. பெண்களிலேயே இது அதிகம். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மயிர் கொட்டுதல், மாதவிடாய் அதிகம் போதல், குரல் கரகரத்தல் ஆகியவற்றில் பல சேர்ந்து வந்தால் கவலை என்று விடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், இந்நோயுள்ள 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசியால் ஏற்றினார். பின்னர் வாயால் கொடுக்கப்பட்டது. அவர் 74 வயதுவரை வாழ்ந்தார். அதற்கு 870க்கு மேற்பட்ட ஆடுகள் வேண்டியிருந்தன. இன்று அதற்கு ஒரு சிறு குளிசை போதும்.

அந்தக் குளிசையை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தேநீர் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்தே. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது. கர்ப்பம் என்று தெரிந்ததும் குளிசையை நிறுத்தக் கூடாது, உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

இதற்கு எதிர்மாறானதும் உண்டு. சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சிலருக்குக் கண் பிதுங்கும். அதற்குத் தரும் காபிமசோல் குளிசை எடுப்பவர்களுக்குத் தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால், குளிசையை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும்.

இடம் மாறும்போது கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். தைரொக்சின் உடலில் மெதுவாகவே குறைவதால், வழியில் இரண்டொரு நாள் குளிசை தவறினாலும் பயப்பட வேண்டாம். போய்ச் சேர்ந்த இடத்து ஆஸ்பத்திரியில் அந்தக் கொப்பியைக் காட்டித் தொடர்ந்து எடுங்கள்.