ஜீப் குடித்த டீசலும் நான் போட்ட பிழையான கணக்கும்

டீசல் செலவைப் "போக்குவரத்து" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடும் வியாபாரிகளில் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன். மாத்தளையில் எங்களுக்கு மிளகு, கராம்பு கொள்முதல் வியாபாரம். றத்தோட்டை, எல்கடுவ பக்கத்து மலைத் தோட்டங்களுக்குப் போகும் பாதைகளில் மழைக்காலத்தில் வேன் ஏறாது. அதற்காகவே 2800 சீசீ டீசல் எஞ்சின் கொண்ட பழைய ஜப்பான் ஜீப் ஒன்றை வைத்திருக்கிறோம். வாங்கிய மிளகை அதே ஜீப்பில் ஏற்றிக் கொழும்பு புறக்கோட்டைக்கும் அனுப்புவோம்.

2022 ஜனவரியில் ஒட்டோ டீசல் ஒரு லீற்றர் 121 ரூபா. அதே வருடம் ஜூன் இறுதியில் 460 ரூபா. மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 280 கிலோமீற்றர். ஜீப் லீற்றருக்கு ஏழரை கிலோமீற்றர் ஓடினால் முப்பத்தேழு லீற்றருக்குச் சற்று மேல் செல்லும். 400 கிலோ மிளகு ஏற்றினால் ஒரு கிலோவின் மேல் விழும் டீசல் செலவு பழைய விலையில் 11 ரூபா, புதிய விலையில் 43 ரூபா. கிலோவுக்கு ஐந்து ரூபாவுக்காகத் தோட்டக்காரரோடு அரை மணித்தியாலம் பேரம் பேசும் நான், இந்த 43 ரூபாவை ஒரு நாளும் எழுதிப் பார்த்ததில்லை.

கியூஆர் பங்கீடு 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்ட பின்னரே டீசலுக்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டேன். முதல் மாதம் மீற்றர் காட்டிய ஓட்டம் 1,800 கிலோமீற்றர். அடித்த டீசல் 257 லீற்றர். அதாவது லீற்றருக்கு ஏழு. முன்னர் இதே ஜீப் லீற்றருக்கு ஒன்பது ஓடியது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதின்படி 200 லீற்றர் போதும். மிச்சம் 57 லீற்றர் எங்கே?

கணக்குப் பார்க்கும் என் நாநா இரண்டு தரம் யோசிக்கவில்லை. "பொடியன் டீசலை உறிஞ்சி விக்கிறான், நிப்பாட்டிப் போடு" என்றார். எங்கள் சாரதி ஆறு வருடமாக எங்களோடு இருப்பவர். நான் அவரை நிறுத்தவில்லை. ஆனால் அதைவிட நல்லதொன்றைச் செய்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. அந்த 57 லீற்றரின் காசைச் சம்பளத்தில் வெட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. "முதலாளி, பெரிய டயர் போட்ட நாள் தொட்டு மீற்றர் குறையக் காட்டுது, ஒருக்கா அளந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். அதைச் சாட்டு என்றே நினைத்தேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த வாரம் தம்புள்ளைக்குப் போகும்போது முன் ஆசனத்தில் இருந்து கிலோமீற்றர் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி எங்கள் ஊருக்குள்ளால் போவது இதற்கு வசதி. கற்களின்படி 40 கிலோமீற்றர் ஓடியபோது மீற்றர் 37 சொச்சமே காட்டியது.

காரணம் மிக எளிது. மீற்றர் எண்ணுவது தூரத்தை அல்ல, சில்லு சுற்றும் சுற்றுகளை. 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டிருந்தோம். ஒரு சுற்றில் ஏழு வீதம் கூடுதலாக ஓடுகிறது. மீற்றருக்கு அது தெரியாது. ஆக அந்த மாதம் உண்மையில் ஓடியது ஏறத்தாழ 1,926 கிலோமீற்றர். லீற்றருக்கு ஏழரை. "திருட்டுப் போன" 57 லீற்றரில் 14 லீற்றர் திருட்டே போகவில்லை, என் கொப்பியில்தான் பிழை.

மீதி 43 லீற்றரைத் தேடியபோது ஜீப்பைச் சுற்றி வந்தாலே போதுமாக இருந்தது. அகலமான மட் டயர் தார் வீதியில் கூடுதலாக இழுபடும். மலைப்பாதையில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, கீழே இறங்கியதும் திரும்ப அடிக்காமலேயே கொழும்புக்குப் போயிருக்கிறது. எங்கள் ஜீப்பில் முன் சில்லு ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். அதையும் யாரும் திறக்கவில்லை. பூட்டியே இருந்தால் நான்கு சில்லு இழுவை போடாத நேரத்திலும் முன் அச்சும் பற்சக்கரங்களும் சும்மா சுழன்று டீசலைத் தின்னும். இதில் சாரதிக்கும் பங்குண்டு, ஆனால் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

பெரிய கள்ளன் கூரைமேல் இருந்தான். வெறும் சாக்குகள் கட்டுவதற்கென்று நான்தான் இரும்பு ரெக் ஒன்று அடித்துப் போட்டிருந்தேன். ஜீப் ஏற்கனவே பெட்டி போன்றது. வேகம் 50 இலிருந்து 80 ஆகும்போது காற்றின் எதிர்ப்பு இரண்டரை மடங்காகிறது. அதன்மேல் ரெக்கும் நின்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்க ஜீப் ரேங்லரின் 2012 ஆம் ஆண்டு இரு கதவு மொடலுக்கு அந்நாட்டு அரசு மதிப்பீடே நகரில் கலனுக்கு 17 மைல், பெருஞ்சாலையில் 21 மைல்தான். நம் கணக்கில் லீற்றருக்கு ஏழும் ஒன்பதும். பெட்ரோல் வாகனம் என்றாலும், புத்தம் புதிதாக, ரெக் இல்லாமல் வந்த கணக்கு அது. ஆகவே பழைய ஜீப் ஒன்றை விற்பவர் "லீற்றருக்குப் பதின்மூன்று ஓடும்" என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ரெக்கைக் கழற்றி, காற்றடித்து, ஹப்பைத் திறந்துவிட்டு மீண்டும் அளந்தேன். ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், தானாக நிற்கும்வரை தாங்கியை நிரப்பி, குறைந்தது 300 கிலோமீற்றர் ஓடி, மறுபடி அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை அடித்த லீற்றரால் கற்களின்படியான தூரத்தை வகுக்க வேண்டும். முள்ளைப் பார்த்துச் சொல்வது கணக்கல்ல. எங்களுக்கு வந்தது 8.6.

இன்னொரு கணக்கிலும் நாநா ஏமாந்திருந்தார். எங்களிடம் சிறிய வேன் ஒன்றும் உண்டு, லீற்றருக்கு 12 ஓடும். அதை விற்று 14 ஓடும் வேன் வாங்குவோம் என்றார். 1,000 கிலோமீற்றருக்குப் பாருங்கள்: 12 இலிருந்து 14 ஆனால் மிச்சம் 12 லீற்றர். ஜீப் 7 இலிருந்து 9 ஆனால் மிச்சம் 32 லீற்றர். இரண்டிலும் கூடுவது அதே 2 கிலோமீற்றர்தான். அதிகம் குடிக்கும் வாகனத்தில்தான் மிச்சமும் அதிகம்.

மாதத்தில் ஓடிய 1,926 கிலோமீற்றரில் 1,400 கொழும்புக்கு ஐந்து தடவை போய்வந்தது. நான்கு சில்லு இழுவை உண்மையில் தேவைப்பட்ட தூரம் அறுபது கிலோமீற்றரும் இராது. அந்த அறுபதுக்காக வாங்கிய கனமான அச்சையும் சட்டகத்தையும் மற்ற நாளெல்லாம் தார் வீதியில் சுமந்து திரிந்திருக்கிறோம். இப்போது ஜீப் மலைக்கு மட்டும் போகிறது. கொழும்புச் சரக்கைப் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து வாடகை லொறியில் அனுப்புகிறோம்.

வெட்டிய காசை அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்தேன். நாநாவையும் கூட்டிக்கொண்டு போய், கொப்பியைச் சாரதியின் முன் விரித்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. "அப்ப ரெக்கை என்ன செய்யப் போறீங்க?" என்றுதான் கேட்டார். அது இப்போது ஸ்டோரில் கராம்பு காயவைக்கும் தட்டாகக் கிடக்கிறது.