காத்திருக்கும் நேரத்திலிருந்து கண்காணிப்பைத் தொடங்குங்கள்

பெரிய நிறுவனங்களின் ஐ.டி. பிரிவுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு." நெட்வொர்க் குழு இதைச் சொல்லும், சர்வர் குழு சொல்லும், டேட்டாபேஸ் குழுவும் சொல்லும். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அதே நேரத்தில் கிளை அலுவலகத்தில் ஒருவர் பில் போடும் பட்டனை அழுத்திவிட்டு, எதிரே வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு விநாடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது என்பதுதான் நம் கண்காணிப்பு முறையின் அடிப்படைக் குறை. இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது: சேவை நன்றாக இருக்கிறதா என்பதைப் பயனர் காத்திருக்கும் நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் அளவீடுகள் காரணத்தைத் தேடும்போது கைகொடுப்பவை. அவற்றைத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது.

இணைப்பின் பயன்பாட்டு வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடம் எண்ணிக்கையைக் கேட்டுக் கோடு வரையும் பழக்கம், 1990-களில் எம்.ஆர்.டி.ஜி. போன்ற கருவிகளோடு பரவியது. இன்றும் பல இடங்களில் அதுவே நடைமுறை. ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. அதில் 3 விநாடி இணைப்பு முழுதாக நிரம்பி, மீதி நேரம் 10 சதவீதத்தில் ஓடினால் வரைபடம் காட்டுவது 10.9 சதவீதம். அந்த 3 விநாடியில் பஃபர் வழிந்து பாக்கெட்டுகள் விழுந்திருக்கும், நூறு பேருடைய பரிவர்த்தனை தடுமாறியிருக்கும். வரைபடத்தில் அதற்கு ஒரு சுவடும் இருக்காது. இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள்: 32 பிட் கவுண்ட்டர் 1 ஜிகாபிட் வேகத்தில் 34 விநாடியிலேயே சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 64 பிட் கவுண்ட்டரைப் படிக்காத கருவி வேகமான இணைப்புகளில் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

பிங் போகிறது என்பதும் அப்படித்தான். பிங் மிகச் சிறிய பாக்கெட். வி.பி.என். சுரங்கத்துக்குள் போகும்போது பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வழியில் ஏதாவது ஒரு ஃபயர்வால், 'பாக்கெட் பெரிதாக இருக்கிறது' என்ற ஐ.சி.எம்.பி. செய்தியைத் தடுத்துவிட்டால், சிறியவை எல்லாம் போய்ச் சேரும், பெரியவை சத்தமில்லாமல் காணாமல் போகும். பிங் நன்றாக இருக்கும், லாகின் திரை வரும், பெரிய அறிக்கையைக் கேட்டவுடன் எல்லாம் அசையாமல் நிற்கும். பாக்கெட் இழப்பும் தாமதமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 1997-இல் மேத்திஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு டி.சி.பி. இணைப்பின் வேகம் போய்வரும் நேரத்துக்கும் இழப்பின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். 100 மில்லி விநாடி தாமதமும் 1 சதவீத இழப்பும் இருந்தால், 1 ஜிகாபிட் இணைப்பு வாங்கியிருந்தாலும் ஒரு இணைப்புக்குக் கிடைப்பது 1 மெகாபிட் சொச்சம்தான். பி.பி.ஆர். போன்ற புதிய நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் இதை ஓரளவு மாற்றுகின்றன. ஆனால் நிறுவனங்களுக்குள் ஓடும் பழைய சர்வர்களில் பெரும்பாலும் அவை இல்லை. 'இணைப்பு 5 சதவீதம்தான் பயன்படுகிறது, எனவே நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை' என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. பாக்கெட்டுகள் விழுவதால்தான் பயன்பாடு 5 சதவீதத்தைத் தாண்டவில்லை.

தூரத்தை யாரும் அலர்ட்டாக வைப்பதில்லை, வைக்கவும் முடியாது. சென்னையிலிருந்து வர்ஜீனியாவில் உள்ள டேட்டா சென்டருக்குப் போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கண்ணாடி இழையில் ஒளியின் வேகமே விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் என்பதால் இதை வெகுவாகக் குறைக்க வழியில்லை. ஒரு திரையைத் திறக்க ஒன்றன்பின் ஒன்றாக 60 அழைப்புகள் செய்யும் மென்பொருள், சர்வருக்குப் பக்கத்தில் இருக்கும் டெவலப்பரின் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். சென்னை மேசையில் அதே திரைக்கு 12 விநாடிக்கு மேல் ஆகும். இதில் எந்தச் சாதனமும் பழுதில்லை, எந்தக் குழுவின் வரைபடமும் சிவக்காது. கூடுதல் பேண்ட்விட்த் வாங்கினால் பணம்தான் போகும். அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே தீர்வு. அந்தப் பரிவர்த்தனையை அந்த மேசையிலிருந்து அளந்து, எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அளக்கும்போது சராசரியை நம்பாதீர்கள். 99 கோரிக்கைகள் 0.1 விநாடியிலும் ஒன்று 10 விநாடியிலும் முடிந்தால் சராசரி 0.2 விநாடிக்கும் கீழே. அறிக்கையில் அது அழகான எண். 95-ஆவது, 99-ஆவது சதமானங்களைப் பாருங்கள். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் காட்டிய கணக்கு இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒருமுறைதான் ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயனரின் கோரிக்கைக்கு அப்படிப்பட்ட 100 சர்வர்களின் பதிலும் தேவைப்பட்டால், கோரிக்கைகளில் 63 சதவீதம் ஒரு விநாடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சர்வரும் 99 மதிப்பெண் வாங்கியிருக்கிறது, பயனருக்கோ பாதிக்கும் மேல் தோல்வி.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது, 'பயனர் வலியை உணர்ந்த பிறகு அறிவது தாமதம் இல்லையா' என்பது. நியாயமான கேள்வி. நிரம்பிக்கொண்டிருக்கும் டிஸ்க், காலாவதியாகப் போகும் சான்றிதழ் இவற்றை முன்கூட்டியே பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவை பகலில் டிக்கெட்டாகப் போக வேண்டியவை. நடுராத்திரியில் ஒருவரை எழுப்பும் அலர்ட், பயனரின் காத்திருப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். சி.பி.யூ. 90 சதவீதத்தில் ஓடியும் பதில்கள் வேகமாக வந்தால், வாங்கிய இயந்திரம் நன்றாக உழைக்கிறது என்றுதான் அர்த்தம். மேலும், கிளைகளில் ஒரு சிறு கணினியை வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் செய்து ஒரு மாதிரிப் பரிவர்த்தனையை ஓட்டினால், ஊழியர்கள் வருவதற்கு முன்பே காலை ஏழு மணிக்குச் சிக்கல் தெரிந்துவிடும். இந்த மாதிரிப் பரிவர்த்தனை ஒரே பாதையைத்தான் காட்டும், ஆகவே நிஜப் பயனர்களின் நேரத்தையும் பிரவுசரிலிருந்து சேகரிக்க வேண்டும்.

'இவ்வளவு தரவை எங்கே வைப்பது, செலவு தாங்குமா' என்பது அடுத்த எதிர்ப்பு. எல்லாவற்றையும் வைக்கத் தேவையில்லை. கோரிக்கைகளின் தடத்தைப் பதியும் தன் டாப்பர் கருவியைப் பற்றிக் கூகுள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், போக்குவரத்து மிகுந்த சேவைகளுக்கு 1024-இல் ஒரு கோரிக்கையின் தடத்தை வைத்தாலே போதும் என்று எழுதியது. நிறுவன மென்பொருளில் போக்குவரத்து அவ்வளவு இருக்காது. அங்கே பிழையானவற்றையும் மெதுவானவற்றையும் முழுமையாக வைத்து, நல்லபடி முடிந்தவற்றில் சிறு பங்கை மட்டும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஓப்பன்டெலிமெட்ரி என்ற திறந்த தரநிலை வந்த பிறகு இதற்காக ஒரே நிறுவனத்தின் கருவியோடு கட்டுப்பட்டுக் கிடக்கவும் வேண்டியதில்லை.

பயனரின் இடத்திலிருந்து அளப்பதில் இன்னொரு பலம் உண்டு: கண்காணிப்பு, கண்காணிக்கப்படும் அமைப்புக்கு வெளியே நிற்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை வடக்கு வர்ஜீனியாவில் விழுந்தபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் பக்கத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவர்களால் புதுப்பிக்க முடியவில்லை. அதை நிர்வகிக்கும் கன்சோலே எஸ்3-ஐ நம்பி இருந்தது. 2021 அக்டோபரில் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் 73 மணி நேரம் முடங்கியது. கோளாறு கான்சல் என்ற அமைப்பைச் சுற்றி இருந்தது, காரணத்தைக் காட்டியிருக்க வேண்டிய கண்காணிப்புக் கருவிகளும் அதே கான்சலைச் சார்ந்திருந்தன. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த வீட்டுச் சாவி போல அவை இருந்தும் பயன்படவில்லை. உங்கள் அலர்ட்டை அனுப்பும் மெயில் சர்வரும் அலர்ட் சர்வரும் ஒரே ஸ்டோரேஜில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். வியாபாரத்துக்கு உயிரான ஒரே ஒரு பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுங்கள். அது எத்தனை விநாடிக்குள் முடிய வேண்டும் என்பதை, அதைத் தினமும் செய்பவரிடமும் அவருடைய மேலாளரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐ.டி. குழு தானாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ் மூன்று குழுக்களும் முதலில் திறக்கும் பக்கத்தில் அந்த நேரமே மேலே இருக்கட்டும், அவரவர் வரைபடம் அதற்குக் கீழே வரட்டும். பிறகு கடந்த மாதம் அடித்த அலர்ட்டுகளை எடுத்து, எவற்றுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று பாருங்கள். அவற்றை நிறுத்திவிடுங்கள். இரவுப் பணியில் இருப்பவர் அடுத்து வரும் அலர்ட்டை நம்பி எழுந்திருக்க வேண்டும்.